தற்போதைய முகவரி: கடல்

இந்தியக் கால்பந்து அணிக்குக் கோச் இல்லாமல் போன மாசத்தில் எங்கள் மரியாள்துறையில் மூன்று பேருக்கு மூக்கு உடைந்தது, நிச்சயம் வரைக்கும் வந்த ஒரு கல்யாணப் பேச்சு நின்றது, நடுக்கடலில் எஞ்சின் அணைந்து கிடந்த வள்ளத்தைக் கட்டி இழுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இன்னொரு வள்ளம் கரைக்கு வந்து சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். வெளிநாட்டுக்காரன்தான் கோச்சாக வர வேண்டும் என்று பாதி ஊர் நின்றது, நம் நாட்டுக்காரன் வந்தால்தான் உருப்படும் என்று மீதி ஊர் நின்றது. டெல்லியில் இருப்பவர்களுக்கு மரியாள்துறை என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது. எங்களைக் கேட்டு அவர்கள் ஒன்றும் செய்யப் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன? எங்கள் ஊரில் நானூறு வீடு, ஒரு கோயில், ஒரு மணல் மைதானம். மீன் வராத நாளும் உண்டு, மைதானத்தில் பந்து உருளாத நாள் கிடையாது.

தீராத வழக்கைத் தீர்க்க எங்களுக்கு ஒரே வழிதான், திருவுளச்சீட்டு. கரையிலிருந்து கரமடி வலை இழுக்கும் முறை யாருக்கு, திருவிழாவில் சப்பரம் தூக்கும் உரிமை எந்தத் தலைக்கட்டுக்கு என்று எது வந்தாலும் பேர்களை எழுதிச் சுருட்டி, பீடத்துக்கு முன்னால் தட்டில் வைத்து, செபம் சொல்லி, ஒன்றை எடுப்போம். எடுத்த பேர் கடவுள் சொன்ன பேர், அதற்கு மேல் ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் கால்பந்துக் கழகத்துக்கும் ஊர்க்கமிட்டிக்கும் சேர்த்துத் தலைவனாக இருந்த கிளாரன்ஸ், இந்திய அணியின் கோச் யார் என்பதையும் திருவுளச்சீட்டு போட்டே பார்த்துவிடலாம், வருகிற பேருக்கு ஊர் மொத்தமும் ஒரே குரலாக நிற்கலாம் என்று சொன்னபோது அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஐந்து பேர்களை எழுதினார்கள். மூன்று வெள்ளைக்காரர்கள், ஒரு வங்காளி, ஒரு கோவாக்காரர். சீட்டெடுக்க உபதேசியார் வியாகுலத்தை நிறுத்தினார்கள், ஏனென்றால் ஊரில் பந்தாட்டம் பிடிக்காத ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டு நனைந்திருந்தது. பிரித்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார், பிறகு நிதானமாக வாசித்தார். மரிய தொபியாஸ்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று மற்ற நாலு சீட்டையும் பிரித்தார்கள். நாலும் ஈரம், நாலிலும் தொபியாஸ். கன்னியாஸ்திரி மடத்திலிருந்து பெரிய சிஸ்டரைக் கூட்டிவந்து அவர் கையால் எழுதவைத்துப் போட்டார்கள், தொபியாஸ் வந்தது. மூன்றாவது தடவை ஒன்றுமே எழுதாத வெறும் தாளைச் சுருட்டிப் போட்டார்கள், அதிலும் தொபியாஸ் வந்தது, எழுத்துகூடக் கலங்காமல், வலைக்கயிற்றில் இருக்குமே அந்த உப்பு மணத்தோடு வந்தது. பிறகு பின்னாலிருந்து ஒருத்தன் கை தட்டினான், அவனைப் பார்த்து இன்னொருத்தன் தட்டினான், சாமியார் வேண்டாம் என்று கையைக் காட்டக் காட்ட ஊர் முழுக்கத் தட்டியது.

தொபியாஸ் யாரென்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷம் எங்கள் ஊர் அணிக்குக் கோச்சாக இருந்தவன். ஏழு வருஷத்துக்கு முன் வந்த புயலில் நாலு பேர் போன வள்ளத்தில் மூன்று உடல் கரைக்கு வந்தது, அவன் உடல் வரவில்லை. ஊர் அவனை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை, ஆனால் என்னுடைய கணக்கு வேறு. எனக்கு இருபத்து மூன்று வயதில், ஆற்றுப் பொழிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இராயப்பன்துறைக்காரர்களோடு அவர்கள் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில், தொண்ணூறு நிமிஷம் என்னைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு, ரெண்டு கோல் பின்தங்கி எல்லாம் முடிந்துபோன பிறகு, ரெண்டு நிமிஷம் ஆடிவிட்டு வா என்று உள்ளே அனுப்பினான். ஒரு தடவைகூடப் பந்து என் காலில் படவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பந்துதொடா எப்ரேம் என்று பேர், என் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலும் அந்தப் பேரைச் சொல்லித்தான் உள்ளே கூப்பிட்டார்கள். புயலுக்குப் பிறகு காணாமல்போனவன் பேரைக் கோயிலில் வாசித்தபோது ஊரே முழங்காலில் நின்றது. நான் முழங்காலிடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சீட்டு விழுந்த மறுநாளிலிருந்து செய்தித்தாளிலும் அவன் பேர் வந்தது. கோச் பதவிக்கு யார் யார் பேர் அடிபடுகிறது என்று எந்தத் தாளில் என்ன போட்டிருந்தாலும், மார்த்தாண்டம் பஸ்ஸில் வரும்வரைக்கும் அது அவர்கள் அச்சடித்தபடியே இருக்கும், எங்கள் ஊர் எல்லையில் சிலுவை நிற்கிற குருசடியைத் தாண்டியதும் அந்தப் பக்கம் நனைந்து தொபியாஸ் என்று மாறிவிடும். முதல் வாரம் எல்லாரும் குருசடியில் போய் நின்று பார்த்தார்கள், ரெண்டாம் வாரம் டீ குடிக்கிற நேரத்தில் பார்த்தார்கள், மூன்றாம் வாரம் பேரைத் தள்ளிவிட்டு மற்ற செய்தியை வாசித்தார்கள். வடை மடிக்கத் தாள் இல்லாமல் போனதால் டீக்கடைக்காரன் கயிறு கட்டித் தாள்களைக் கருவாடு மாதிரி வெயிலில் உலர்த்தினான். காய்ந்ததும் உதறினால் உப்புக் கொட்டியது, ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ஒரு கைப்பிடி தேறும், அதை எடுத்துக் குழம்புக்குப் போட்ட பெண்கள் கடை உப்பைவிட இது கொஞ்சம் கரிக்கிறது, அளவைக் குறைத்துப் போட வேண்டும் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். அவ்வளவுதான். உடைந்த மூக்குகள் ஆறின. இழுக்க மாட்டேன் என்றவன் போய் மன்னிப்புக் கேட்டான்.

பிறகு அவன் பேரில் டெல்லிக்கு விண்ணப்பம் போட்டார்கள். பயிற்சியாளர் சான்றிதழ் எண் என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நாலு நாள் பேச்சு நடந்து, கடைசியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இராயப்பருக்குப் பாப்பரசர் உத்தியோகம் கொடுத்தபோது எவன் சான்றிதழ் கேட்டான் என்று கிளாரன்ஸ் சொன்னதும் அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். தற்போதைய முகவரி என்ற இடத்தில் கடல் என்று எழுதினார்கள். கடற்கரையில் நாற்பதடிப் பலகையில் அவன் படத்தை வைத்தார்கள், கிட்டத்தில் பார்த்தால் அவன் கல்யாணப் படத்திலிருந்து அவன் பெண்சாதி ரெஜினாளை வெட்டியெடுத்த இடத்தில் அவள் விரல் நாலு அவன் முழங்கையில் மிச்சமிருந்தது தெரியும். தூரக்கடலுக்குப் போனவர்கள், ஒயர்லஸ்ஸில் யாரோ தமிழில் லெஃப்ட் அவுட், லெஃப்ட் அவுட் என்று கத்துவதைக் கேட்டதாகச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஆனால் அது அவன் கத்துகிற மாதிரிதான் இருக்கிறது, அவனுக்கு எப்போதும் இடது பக்கத்து ஆட்டக்காரன்தான் உசத்தி. நான் வலது பக்கம்.

இந்த ஆரவாரத்தில் ரெஜினாள் சேரவில்லை. புருஷன் இருக்கிற பெண்கள் எங்கள் கோயிலில் நடுவில் உட்காருவார்கள், புருஷன் செத்தவர்கள் தூண் பக்கம் உட்காருவார்கள். உடல் வராமல், மணி அடிக்காமல், அடக்கமும் நடக்காமல் இருக்கிறவளுக்கு ரெண்டு இடமும் இல்லை என்று கதவோரத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஏழு வருஷமாக அவளை உட்காரவைத்திருந்தார்கள். குழந்தைக்குத் தொட்டில் போடுகிற வீட்டிலும் அவளைக் கூப்பிட மாட்டார்கள், இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கவும் கூப்பிட மாட்டார்கள். ஏழு வருஷம் முடிந்தால் செத்தவனாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள், அந்த ஏழாவது வருஷம் முடிந்த அதே மாசத்தில்தான் சீட்டு விழுந்தது. அவன் செத்ததாகக் கோர்ட்டில் வாங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தாள். நான் அங்கே சுவரோரம் இருந்தேன்.

"நான் கேக்குறது பெரிய காரியம் இல்ல தம்பி," என்றாள் கிளாரன்ஸிடம். "ஒரு மணி அடிக்கணும். ஒரு பெட்டி எடுக்கணும். கல்லறைத் தோட்டத்துல அவுரு பேருல ஒரு குருசு நாட்டணும்."

கிளாரன்ஸ் அவளுக்குக் கொழுந்தன் முறை, மரியாதை தெரிந்தவன், எழுந்து நின்றுதான் பதில் சொன்னான்.

"செத்துப்போனவன கோச்சா எடுப்பானுவளா மைனி? நீங்களே சொல்லுங்க. ரெண்டு மாசம் பொறுங்க. அண்ணனுக்கு வேலை கெடைக்கட்டும்."

"வேலை கெடைச்சா அவுரு வருவாரா?"

அவள் கண்ணில் பொறாமை இருக்கிறது என்றும், இவ்வளவு பெரிய மரியாதை வீடு தேடி வரும்போது வெள்ளைச் சீலைக்கு ஆசைப்படுகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறோம் என்றும் கூட்டம் கலைந்த பிறகு பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவளை நடுவரிசையில் உட்காரச் சொல்லி ரெண்டு பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கையை உதறிவிட்டுச் செருப்புகளிடமே போனாள்.

எங்கள் வீட்டுக்கு அவள் ஒரு மத்தியானம் வந்தாள். நான் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். என் பெண்சாதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"இந்த ஊருல எங்க வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு நம்புறது நீங்க ஒருத்தருதான் அண்ணே."

"நம்பல்ல ரெஜினா," என்றேன். "ஆசப்பட்டேன்."

"அது போதும்," என்றாள்.

டெல்லியில் முடிவு சொல்லும் நாள் வந்தபோது மைதானத்தில் பெரிய திரை கட்டினார்கள், செண்டை மேளத்துக்குச் சொல்லிவிட்டார்கள், கிளாரன்ஸ் பேசுவதற்கு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தான். திரையில் ஒரு செர்பியாக்காரன் பேர் வந்தது. எழுத்து மாறும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, கை குலுக்கி, சிரித்து, போட்டோவுக்கு நின்று, போன பிறகும் காத்துக்கொண்டிருந்தார்கள். கரண்டு போனதும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரம் ஊரில் கறுப்புக்கொடி பறந்தது, மூன்று நாள் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை, ஏழு வருஷமாகத் தொபியாஸுக்காக அழாதவர்கள் எல்லாம் அவனுக்கு வேலை கிடைக்காததற்காக அழுதார்கள்.

ரெஜினாள் மறுபடியும் கிளாரன்ஸிடம் போனாள். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். வேலையும் கிடைக்கவில்லை, இனி மணியை அடிக்கலாமே என்று அவள் கேட்டாள். கிளாரன்ஸ் அழுது வீங்கிய கண்ணோடு அவளை ரொம்ப நேரம் பார்த்தான், அவள் சொல்வது அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"எட்டு மாசம் தாங்குவானா அந்த செர்பியாக்காரன்? நாலு மேட்ச் தோத்தா அனுப்பிருவானுவ. அப்புறம் மறுபடி தேடுவானுவ. அண்ணன் ஊருல உயிரோட இருக்கணும்லா மைனி?"

"அடுத்தவன் வந்தா?"

"அவனையும் அனுப்புவானுவ."

வெளியே வந்து கடற்கரை வரைக்கும் நடந்தோம். கோச்சுகள் வருவார்கள், போவார்கள், ஒவ்வொருத்தன் போகும்போதும் தேடுவார்கள், தேடும்போதெல்லாம் அவள் புருஷன் சாகாமல் இருக்க வேண்டும், உலகத்தில் பந்து உருளுகிற வரைக்கும் அவள் செருப்புகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எனக்கே அப்போதுதான் விளங்கியது. தொபியாஸ் மீது எனக்கு இரக்கம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். செத்த பிறகும் ஆட்டத்தில் நிற்கிறானே என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது. இராயப்பன்துறைக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

ஆறு கடலில் விழுகிற பொழியைத் தாண்டினால் இராயப்பன்துறை. நாற்பது வருஷமாக அவர்களுக்கும் எங்களுக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை, பந்தினால். அந்த ஊர்ச் சாமியார் வயதில் சின்னவர், கோர்ட்டுத் தாளை ரெண்டு தடவை வாசித்துவிட்டு, உங்கள் பங்குச்சாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவர்கள் அணியின் கேப்டனாக இருந்த தடித்த ஆளிடம் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று நான் கேட்டேன். தொபியாஸை அடக்கம் பண்ணவா, நாங்க எப்பவோ ரெடி என்றான் அவன். சொன்ன பிறகு ரெஜினாளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் ஊரில் செய்தித்தாள் உலர்ந்து கிடந்தது. அவன் பேர் எதிலும் இல்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு மணி அடித்தார்கள். எங்கள் ஊர் மணியைவிடக் கனத்த மணி, காற்று மேற்கிலிருந்து வீசினால் எங்கள் மைதானம் வரைக்கும் கேட்கும், அன்று மேற்குக் காற்றுதான். பெட்டிக்குள் ஒரு சட்டை, ஒரு கைலி, ஒரு செபமாலை. தூக்கியதில் மூன்று பேர் அவர்கள் ஆட்கள், நாலாவது ஆள் நான். வெறும் பெட்டி என்று அலட்சியமாகக் கை வைத்த அந்தக் கேப்டன் முனகிக்கொண்டே தோளை மாற்றினான், ஏனென்றால் பெட்டி ஒரு முழு ஆளின் கனம் கனத்தது, கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் மணலில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது, பின்னால் வந்த பெண்கள் அந்தச் சொட்டுகளை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்கள். செத்தவர்களை மன்னிக்க வேண்டும் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். நான் மன்னிக்கவில்லை. பெட்டி தூக்க மன்னிப்பு எதற்கு, தோள் இருந்தால் போதும்.

குழிக்குள் இறக்கியதும் ரெஜினாள் ஒரு பிடி மண் போட்டாள். அவள் கத்தி அழுவாள் என்று எதிர்பார்த்துத் தாங்கிப்பிடிக்க ரெண்டு பெண்கள் பக்கத்தில் நின்றார்கள். அவள் அழவில்லை. குனிந்து, வீட்டில் பேசுகிற சத்தத்தில், "இனி நீங்க எங்கயும் போவாண்டாம்," என்றாள். பிறகு அங்கேயே ஒரு வீட்டுக்குள் போய் வெள்ளைச் சீலை உடுத்துக்கொண்டு வந்தாள். ஒருத்தரும் சொல்லாமலே அந்த ஊர்ப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டு, அவளைக் கோயிலில் தூண் பக்கம் தங்களோடு உட்காரவைத்தார்கள். சாய்ந்து உட்கார அவளுக்கு ஒரு தூண் கிடைத்தது. அரை மணி நேரம் அப்படியே கண்ணை மூடி இருந்தாள், தூங்கினாளோ என்னவோ.

வெயில் தாழ்வதற்குள் வள்ளத்தில் திரும்பினோம். பொழியின் நடுவுக்கு வரும்போதே எங்கள் கரையில் கூட்டம் தெரிந்தது. மணி கேட்டு அடிக்க வருகிறார்கள் என்று நினைத்து வள்ளக்காரன் துடுப்பை மெதுவாக்கினான். கிட்டத்தில் போகப் போகச் செண்டை மேளம் கேட்டது. கிளாரன்ஸ் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான், ஒரு கையில் ரோஜா மாலை, ஒரு கையில் சாயங்காலத் தாள்.

செர்பியாக்காரன் வேலையில் சேரவில்லையாம். சம்பளம் ஒத்துவரவில்லை என்று கையெழுத்துப் போடாமலே போய்விட்டானாம், மறுபடியும் தேடுகிறார்களாம். இதைக் கரையிலிருந்தே கூவிச் சொன்னார்கள். அக்கரையில் அடித்த மணி கேட்டதா என்று வள்ளக்காரன் அவர்களைக் கேட்டான். கேட்டது, அங்கே யாரோ செத்திருக்கிறார்கள் போல என்றார்கள். ரெஜினாள் வெள்ளைச் சீலையில் வள்ளத்தின் முன்முனையில் உட்கார்ந்திருந்தாள், நூறு பேர் அவளைப் பார்த்தார்கள், நூறு பேரும் மைனி, மைனி என்று சிரித்தார்கள்.

கிளாரன்ஸ் தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தான். "மரிய தொபியாஸ்." மேளம் ஏறியது. வள்ளம் அவன் பக்கத்தில் போய் முட்டி நின்றதால் அந்தத் தாளை நான் ஒரு முழத் தூரத்தில் பார்த்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் எனக்கு வரும், வாசித்தேன். தாள் உலர்ந்திருந்தது, காற்றில் படபடத்தது. நாலு பேர் போட்டிருந்தது, நாலும் வேறு பேர், நாலும் உயிரோடு இருக்கிறவர்களின் பேர். கிளாரன்ஸின் கண் அந்த எழுத்தின் மேல்தான் இருந்தது. தடங்கல் இல்லாமல் ரெண்டாவது தடவையும் வாசித்தான், மரிய தொபியாஸ், பின்னால் நின்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

ரெஜினாளும் தாளைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"அக்கரைக்கே விடு," என்றாள் வள்ளக்காரனிடம்.

அவன் என்னைப் பார்த்தான். என் வீடு இந்தக் கரையில்தான், என் பெண்சாதி கூட்டத்தில் நிற்கிறாள், என் வலை முற்றத்தில் பாதி பொத்தியபடி கிடக்கிறது. நான் தண்ணீரில் இறங்கினேன். வள்ளம் திரும்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்து மைனிக்கு வெட்கம் என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

மாலை கிளாரன்ஸின் கையில் இருந்தது. கொண்டுவந்த மாலையை யாருக்காவது போட்டாக வேண்டும். அண்ணனோடு ஆடிய பழைய ஆட்டக்காரன், அண்ணனுக்கு வேண்டியவன் என்று சொல்லி என்னை இழுத்தார்கள். அவனை இப்போதுதான் புதைத்துவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன், தொண்டை கிழியச் சொன்னேன். மேளச் சத்தத்தில் என் வாய் அசைவதுதான் அவர்களுக்குத் தெரிந்தது, நானும் அவன் பேரைத்தான் கூவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கூவினார்கள், என் தலையைப் பிடித்துக் குனியவைத்து மாலையைப் போட்டார்கள்.